கொசுறுத் தோட்டா

“என் அண்ணன் கோழையா, துரோகியா? இந்த ரெண்டுல எதுன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. வேற எதுவும் எனக்கு வேண்டாம்.”

எங்கள் துப்பறியும் ஆபீஸ் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து அந்தப் பெண் இதைச் சொன்னாள். அழவில்லை. பிழிந்து போட்டு உதற மறந்த துணிபோல முகம் சுருங்கிக் கிடந்தது. வருகிற கட்சிக்காரர்களைச் சிரிக்கவைக்க நான் எப்போதும் ஒரு ஜோக்கைத் தயாராக வைத்திருப்பேன். அன்றைக்கு அதை அப்படியே விழுங்கிவிட்டேன்.

எங்கள் முதலாளியம்மாவை ஊரில் ‘ஊசி’ என்பார்கள். ஆள் ஒல்லி, கேள்வி குத்தல். அவள் பின்னாலேயே அலைகிற என்னை ‘நூல்’ என்பார்கள். எனக்கு அவள் அக்கா. கூடப் பிறக்காத அக்கா. கூடப் பிறந்திருந்தால் இவ்வளவு திட்டு வாங்கியிருக்க மாட்டேன்.

“முதல்லேருந்து சொல்லும்மா” என்றாள் அக்கா.

விஷயம் பேப்பரில் வந்ததுதான். கடைகளில் வசூலான பணத்தை வண்டியில் ஏற்றி வங்கியில் சேர்க்கிற செக்யூரிட்டி கம்பெனி ஒன்று. இவள் கணவன் அங்கே தோட்டா பொறுப்பு. காலையில் காவலர்களுக்குத் துப்பாக்கியும் தோட்டாவும் எடுத்துக் கொடுத்து, மாலையில் திரும்ப வாங்கி வைப்பது அவன் வேலை. கம்பெனியில் எல்லாரும் அவனைப் ‘பொறுப்பு’ என்றே கூப்பிட்டார்கள். இவளுடைய அண்ணன் அதே கம்பெனியில் காவலன். போன மாதம் ஒருநாள் ஆள் குறைந்ததால் பொறுப்பே மச்சானோடு வண்டியில் ஏறிவிட்டான். ஒரு மருந்துக் கடை வாசலில் பணப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். பொறுப்பு பெட்டியை விடவில்லை. கத்தி இறங்கியது; ஆள் அங்கேயே போய்விட்டான். பிஸ்டலோடு நின்ற மச்சான் சுடவே இல்லை.

“திருடங்களை மறுநாளே பிடிச்சுட்டாங்க. வாயைத் திறக்கமாட்டேங்கறாங்க” என்றாள். “பிஸ்டலைப் போலீஸ்ல சுட்டுப் பார்த்தாங்க. நல்லா சுடுதாம். மேகசின்ல தோட்டா ஒண்ணுகூடக் குறையலையாம். அண்ணன்கிட்ட கேட்டா, ‘பயந்துட்டேன், கை வரல’ன்னு சொல்லிட்டான்.”

“நீங்க அதை நம்பல.”

“சின்ன வயசுல வீட்டுக்குள்ள வந்த பாம்பை வாலைப் பிடிச்சு வெளிய போட்டவன் அவன். பயந்துட்டான்னா நம்ப முடியல. பயப்படலைன்னா…” மேலே சொல்லாமல் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். “தினம் காலையில வந்து எங்க வீட்டுப் படியில உட்கார்ந்துடறான். கதவைத் தட்டறதில்லை. பேசறதில்லை. நான் அவனைத் தாண்டித்தான் வேலைக்குப் போறேன், தாண்டித்தான் வர்றேன். மாமா ஏன் படியிலயே இருக்கார்னு என் பொண்ணு கேக்கறா. கதவைத் திறக்கறதா, சாத்தியே வெக்கறதா, எனக்கு அது தெரியணும்.”

அவள் படி இறங்கிப் போவதை அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா?”

“அந்தப் பொண்ணு ஒரு கேள்வியைக் கேக்கல” என்றாள். எந்தக் கேள்வி என்று கேட்டதற்கு, “வண்டியை எடு” என்றாள். எங்கள் ஆபீஸில் பதில் இப்படித்தான் கிடைக்கும்.

வண்டி நிறுத்துகிற ஷெட்டில் டிரைவர் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே பளபளவென்று இருந்த கண்ணாடி. அவருக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை போலிருந்தது.

“நான் எதையும் பார்க்கலம்மா. கத்தியைப் பார்த்ததும் சீட்டுக்கு அடியில போயிட்டேன். போலீஸ்லயும் அதைத்தான் சொன்னேன்.”

“அந்த இடத்துல நீங்க எப்படி அடங்குனீங்க?” என்றேன். மனிதர் சீட்டைவிட அகலம்.

“உயிர்மேல ஆசை இருந்தா பாட்டில்குள்ளகூட அடங்கலாம் தம்பி.”

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். “நீங்க பார்த்ததை நான் கேக்கல. காதுல விழுந்ததைச் சொல்லுங்க.”

டிரைவரின் துணி நின்றது. “காதுலயா?”

“கண்ணைத்தானே மூடிக்கிட்டீங்க?”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த நாளுக்குள் திரும்பப் போவது முகத்திலேயே தெரிந்தது. “பைக் சத்தம். பொறுப்பு சார் ‘விடுடா’ன்னு கத்தினார். அப்புறம் ‘டிக்’குனு ஒண்ணு. பூட்டுல சாவி மாட்டாம திரும்பின மாதிரி. உடனே ‘டப்… சரக்’னு. அப்புறம் வண்டித் தகரத்துல ஏதோ சின்னதா பட்டு ‘டிங்’குனுச்சு. அதுக்கப்புறம் பொறுப்பு சார்…” கண்ணைத் திறந்துவிட்டார். “அதுக்கப்புறம் கேட்டது வேண்டாம்மா.”

“இதைப் போலீஸ்ல சொன்னீங்களா?”

“பார்த்தியா பார்த்தியான்னுதானே கேட்டாங்க!”

“தலையைத் தூக்கினப்போ?”

அவர் தயங்கினார். “மச்சான்காரர் ரோட்டுல உட்கார்ந்திருந்தார். ஒரு கையால மாப்பிள்ளையைத் தாங்கிக்கிட்டு, இன்னொரு கையால வண்டிக்கு அடியில எதையோ தேடிக்கிட்டிருந்தார். எடுத்துச் சட்டைப் பையில போட்டுக்கிட்டார். மோதிரமோ என்னவோன்னு நினைச்சேன். இதைச் சொன்னா அந்த ஆளுக்கு இன்னும் கெட்ட பேராயிடுமேன்னு சொல்லல. நான் சீட்டுக்கு அடியில இருந்தவன். அவரைப் பத்திப் பேச எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?”

வெளியே வந்து வண்டிச் சாவியை எடுத்தேன். தங்கை புருஷன் மடியில் செத்துக்கொண்டிருக்க, தரையைத் துழாவுகிற மனிதன் எப்படிப்பட்டவன்?

“துரோகி கட்சிதான் ஜெயிக்கும் போலிருக்கு” என்றேன்.

“அவசரப்படாதே. பயத்துல கை வராதவனோட துப்பாக்கி எப்படிடா ‘டிக்’குனு சொல்லும்?”

கம்பெனிக்குப் போனோம்.

மேனேஜர் தன் மேஜைமேல் ஒரு தோட்டாப் பெட்டியை வைத்திருந்தார். பேப்பர் பறக்காமல் இருக்க அதைத்தான் வைப்பாராம். அதிலேயே எனக்கு அவரைப் பிடிக்காமல் போனது.

“சீல் உடைக்காத பெட்டி மேடம். ஃபேக்டரியில மெஷின் செய்யற வேலை. தோட்டா தப்பே பண்ணாது. மனுஷன் கைதான் தப்பு பண்ணும்.”

“இங்க ஒண்ணுகூட வெடிக்காம போனதில்லையா?”

“ஒரே ஒரு தடவை. பயிற்சியில. போன வருஷம் இந்தத் தோட்டா வந்த புதுசுல. யார் கையிலன்னு நினைக்கறீங்க? அதே கோழை கையிலதான். அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். வெடிக்கலைன்னா கை சரியில்ல, கை சரியில்லைன்னா வேலை இல்ல, அதுதான் இங்க சட்டம். பொறுப்புதான் குறுக்க வந்து, ‘துப்பாக்கியைத் துடைக்காம கொடுத்துட்டேன், தப்பு என்னோடது’ன்னு தன் தலையில போட்டுக்கிட்டான்.” நாற்காலியில் சாய்ந்தார். “அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் ஒரு கம்ப்ளெயின்ட் கிடையாது. கண்டிப்பா இருந்தா எல்லாம் ஒழுங்கா நடக்கும்.”

“ஆமா, மிரட்டினா நனைஞ்ச பட்டாசுகூட வெடிக்கும்” என்று முணுமுணுத்தேன். அக்கா என் காலை மிதித்தாள்.

பின்பக்கம் மண்மேடு கட்டிய பயிற்சித் திடல். காதை மூடிக்கொண்டு ஒரு வரிசைக் காவலர்கள் அட்டை மனிதர்களைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா அட்டைகளைப் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஒவ்வொருவரும் பிஸ்டலைக் கையில் வாங்கியதும் உள்ளங்கையால் அதன் அடியில் ஓங்கி ஒரு தட்டு. பிறகு மேல்பாகத்தைப் பின்னால் ஒரு இழு. டப், சரக். டிரைவர் வாயால் செய்துகாட்டிய அதே சத்தம்.

“எதுக்கு இது?” என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன்.

“சுடாம நின்னுபோச்சுன்னா செய்யறது. தட்டினா மேகசின் சரியா உட்காரும். இழுத்தா வெடிக்காத தோட்டா வெளிய குதிச்சிரும், அடுத்தது உள்ள ஏறும்.”

“இப்ப ஒண்ணும் நிக்கலையே?”

“நிக்கல” என்றவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். “பழக்கம்.”

டீ இடைவேளை விட்டார்கள். நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் காவலர் தன் பிளாஸ்க்கை எடுத்தார். அதன் அடியில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினார். அப்புறம்தான் மூடியைத் திருகினார். சிரிப்பை அடக்க நான் இருமவேண்டியிருந்தது. அக்கா சிரிக்கவில்லை.

“தும்மலே வராத வீட்ல ஆளுக்கு நாலு கைக்குட்டை எதுக்குடா?” என்று என் காதில் சொல்லிவிட்டு அந்த அம்மாளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். “பொறுப்பு சாருக்கு வேண்டியவங்க நாங்க. அவர் வீட்டம்மா அனுப்பி வந்திருக்கோம்.”

அந்தப் பேரைக் கேட்டதுமே அந்த அம்மாளின் கண் நிறைந்துவிட்டது. “தங்கமான மனுஷன்மா.”

“இங்க அடிக்கடி வெடிக்காம போகுமோ?”

மேனேஜரின் ஜன்னலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். “போகும். ஒரு பெட்டியில ஒண்ணு ரெண்டு செத்துத்தான் கிடக்கும். வெளிய சொன்னா அவ்வளவுதான், உன் கை சரியில்லைன்னு அனுப்பிடுவார். எனக்கே ஆகியிருக்கு. தட்டுவோம், இழுப்போம், ஒண்ணும் நடக்காத மாதிரி அடுத்ததைச் சுடுவோம். கீழ விழுந்ததைப் பொறுப்பு சார் யாருக்கும் தெரியாம எடுத்துக்குவார்.”

“வேலையில இருக்கும்போது ஆனா? திருப்பிக் கொடுக்கும்போது ஒண்ணு குறையுமே?”

“குறையாது. கொசுறு இருக்குல்ல.”

“கொசுறா?”

அந்த அம்மாள் சட்டைப் பையிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்துக் காட்டினார். “பயிற்சிக்கு வர்றதுல மிச்சம் பிடிச்சு ஆளுக்கு ஒண்ணு தனியா கொடுத்து வெச்சிருந்தார். காய்கறிக்காரன் கூடுதலா ரெண்டு மிளகாய் போடுவானே, அந்த மாதிரி. ‘ஒண்ணு வெடிக்கலைன்னா தட்டி விட்டுட்டு இதை மேகசின்ல போட்டுக் கொடுத்துடுங்க, கணக்கு சரியாயிடும், உங்க வேலைக்கு நான் பொறுப்பு’ம்பார். அவர் இல்லைன்னா இங்க பாதிப் பேரு என்னைக்கோ வீட்டுக்குப் போயிருப்போம்.” முந்தானை இல்லாத சீருடையில் எதைக்கொண்டு கண்ணைத் துடைப்பதென்று தெரியாமல் தொப்பியால் துடைத்துக்கொண்டார். “இன்னைக்கு சாயந்தரம் நான்தான் வண்டி முன்னாடி நிக்கணும். அந்த ரோடுதான்.”

வெளியே வந்ததும் நான் குதிக்காத குறை. “முடிஞ்சுதுக்கா! ‘டிக்’குனு வெடிக்கல, தட்டினான், இழுத்தான், செத்த தோட்டா குதிச்சு வண்டியில பட்டு ‘டிங்’. தேடி எடுத்தது அதைத்தான். கொசுறைப் போட்டு நிரப்பிட்டான். கோழையும் இல்ல, துரோகியும் இல்ல! வாங்க, அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டு அந்த அண்ணனைத் தூக்கி நடுவீட்ல உட்கார வெப்போம்.”

அக்கா வண்டியில் ஏறாமல் நின்றாள். “அப்படின்னா அவன் தோட்டாவைக் காட்டி ‘பாருங்க, வெடிக்கல’ன்னு சொல்லியிருக்கலாமே. ஏன் பயந்துட்டேன்னு சொன்னான்?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தச் செத்த தோட்டாவை வெளியே எடுத்தால் அடுத்த கேள்வி யார் கொடுத்தது என்பது. அதற்கடுத்த கேள்வி, கொடுத்தவனுக்குத் தெரியுமா என்பது. தெரியும். தெரிந்ததால்தான் கொசுறு. தோட்டா கெட்டது என்று தெரிந்தே கொடுத்தவன், அதனாலேயே செத்துப்போனவன், அந்தப் பெண்ணின் புருஷன்.

அந்தப் பெண்ணின் வீட்டுக்கு வண்டியை விட்டேன்.

மாடிப் படி. வெயில் இறங்கி சுவரில் மஞ்சளாக ஒட்டியிருந்தது. அவன் நடுப்படியில் உட்கார்ந்திருந்தான். பெரிய உடம்பு. போகிறவர் வருகிறவர் கால் படாமல் இருக்க அதைச் சுவரோடு ஒடுக்கி வைத்திருந்தான். மேலே சாத்திய கதவு. கதவுக்கு வெளியே ஒரு ஜோடி ஆண் செருப்பு, யாரும் எடுத்து வைக்க மனசு வராமல் கிடந்தது.

அக்கா அவனுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். “சட்டைப் பையில என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்ல.”

“இருக்காதுதான். கொசுறை எடுத்து மேகசின்ல போட்டுட்டீங்களே. அப்புறம் ஏன் கையை அங்கேயே வெச்சிருக்கீங்க?”

கொசுறு என்ற வார்த்தையைக் கேட்டதும் அவன் முகம் வெளுத்தது. திரும்பிக் கதவைப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கையை எடுத்து விரித்தான்.

பித்தளைத் தோட்டா. அடியில் நடுவட்டத்தில் ஆழமாக ஒரு குழி.

“துப்பாக்கிக்குள்ளயும் ஒரு ஊசி இருக்கு நூலு” என்றாள் அக்கா. “அது ஒழுங்கா குத்தியிருக்கு பார். விசையை இழுத்த கையும் சரி, துப்பாக்கியும் சரி. உள்ள இருக்கறதுதான் செத்துப்போச்சு.”

நான் அனிச்சையாக ஒரு படி இறங்கி நின்றேன். இத்தனை நாளாக இதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே இந்த மனிதன் என்று தோன்றியது.

“விசையை இழுத்தேன். டிக்னுச்சு” என்றான் தணிந்த குரலில். “தட்டினேன், இழுத்தேன். எத்தனையோ தடவை செஞ்சது, கை தானாச் செஞ்சுது. நிமிர்ந்து பார்த்தா எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. அவங்க கூட்டத்துக்குள்ள போயிட்டாங்க. அதுக்குமேல சுட்டா யார்மேல படும்? ஓடிப்போய் மாப்பிள்ளையைத் தூக்கினேன். அவர் என் முகத்தைப் பார்க்கல. என் கையில இருந்த துப்பாக்கியைப் பார்த்தார். அவருக்குப் புரிஞ்சிருச்சு. ‘வெடிக்கலையா மச்சான்?’னு கேட்டார். நான் தலையாட்டினேன். ஆட்டியிருக்கக் கூடாது. பொய் சொல்லியிருக்கணும்.”

“அப்புறம்?”

“‘அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க’ன்னார். அதுதான் கடைசி.” உள்ளங்கையை மூடிக்கொண்டான். “என்னைக் கோழைன்னு அவ நினைச்சா நினைச்சுட்டுப் போகட்டும்மா. அண்ணன்தானே. ஆனா எல்லாம் தெரிஞ்சும் கொடுத்தார்னு அவருக்கு ஒரு பேர் வந்துச்சுன்னா, அவ எதை நினைச்சு மிச்ச நாளை ஓட்டுவா? எனக்காகத்தானே அவர் முதல்ல பொய் சொன்னார். என் வேலைக்காக.”

எனக்கு அழுகை வந்தது. நான் கல்யாண வீட்டில்கூட அழுகிற ஆள்தான், ஆனால் இது வேறு.

“மறைக்கலாம்” என்றாள் அக்கா. அவள் குரலில் குத்தல் துளியும் இல்லை. “ஆனா அந்தத் தோட்டாப் பெட்டி இன்னும் காலியாகல. இன்னைக்கு சாயந்தரம் ஒரு அம்மா அதே ரோட்டுல அதே தோட்டாவோட நிக்கப் போறாங்க.”

அவன் தலை குனிந்தது. “அப்ப போலீஸ்ல சொல்லுங்க” என்றான். “அவளுக்கு மட்டும் தெரியவேண்டாம்.”

மேலே கதவு திறந்தது.

கதவருகிலேயே நின்று கேட்டிருக்கிறாள் என்பது அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. அவன் பதறி எழுந்தான். “நீ உள்ள போ. இவங்க சும்மா…”

“என்ன கண்டுபிடிச்சீங்க?” என்று அக்காவைக் கேட்டாள்.

“கோழையும் இல்ல. துரோகியும் இல்ல.” அக்கா படியிலிருந்து எழுந்தாள். “உங்களுக்கு அது முன்னாடியே தெரியும்.”

நான் திரும்பி அக்காவைப் பார்த்தேன்.

“ரெண்டுல எதுன்னு மட்டும் சொல்லச் சொன்னீங்க. தோட்டா பொறுப்போட பொண்டாட்டி நீங்க. துப்பாக்கி வெடிக்கலையோன்னுதான் முதல்ல உங்களுக்குத் தோணியிருக்கணும். அந்தக் கேள்வியை மட்டும் ஒதுக்கிட்டு வந்தீங்க. எனக்கு அப்பவே உறுத்துச்சு.”

அந்தப் பெண் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். அலுவலகத்தில் வராத அழுகை இப்போது வந்தது. சத்தமே இல்லாமல், தோள் குலுங்கக் குலுங்க வந்தது.

“சாப்பிட உட்கார்ந்தப்ப சொன்னார். ‘பெட்டியில தோட்டா செத்துக் கிடக்கு. மேனேஜர் காதுல வாங்கமாட்டேங்கறான். மேலிடத்துக்குப் போய்ச் சொல்லிடப் போறேன்’னார். நான்தான்…” அண்ணனைப் பார்த்தாள். “நான்தான் வேண்டாம்னேன். ‘சொன்னா போன தடவை துப்பாக்கியைத் துடைக்கலைன்னு நீங்க பொய் சொன்னதும் வெளிய வரும், எங்க அண்ணன் வேலை போயிடும், எனக்காகச் சும்மா இருங்க’ன்னேன். அவர் தட்டுல சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தார். அப்புறம், ‘சரி, ஆளுக்கு ஒண்ணு கூடுதலா கொடுத்துடறேன்’னார். சாப்பிட்டு எழுந்தார். அவ்வளவுதான் அண்ணா. அவ்வளவு நேரம்தான் பேசினோம்.”

அவன் அவளை நோக்கி ஒரு படி ஏறினான்.

“நீ துரோகியா இருந்துடணும்னு தினம் வேண்டிக்கிட்டேன். கோழையா இருந்தாக்கூடப் போதும்னு நினைச்சேன். அப்படி இருந்துட்டா நான் இல்லைன்னு ஆயிடும்ல? அதுக்காக இவங்ககிட்ட போனேன். உன்னைத் தாண்டித் தாண்டிப் போகும்போதெல்லாம், நீயே ஒருநாள் ‘ஆமா, நான்தான்’னு சொல்லிட மாட்டியான்னு இருந்துச்சு.” கண்ணைத் துடைக்காமலே சிரிக்கப் பார்த்தாள். “‘அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க’ன்னு சொன்னாராமே. அவர் தப்பை மறைக்கச் சொன்னார்னா நினைச்சே? அவருக்கு அந்தப் பயமே கிடையாது. வெடிக்கலைன்னு தெரிஞ்சா நான் என்னையே மன்னிக்க மாட்டேன்னு தெரியும் அவருக்கு. அந்த நிலையிலயும்…”

முடிக்க முடியவில்லை. இறங்கி வந்து படியில் உட்கார்ந்துவிட்டாள். அவன் இத்தனை நாள் உட்கார்ந்திருந்த அதே படியில். அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். தொடலாமா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையைக் காற்றில் வைத்திருந்துவிட்டு, அவள் தலைமேல் வைத்தான். நானும் அக்காவும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எங்கள் தொழிலில் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன்.

முதலில் எழுந்தவள் அவள்தான். “அதைக் குடு” என்று கையை நீட்டினாள். அவன் தயங்கித் தயங்கிக் கொடுத்தான். அவள் தோட்டாவைத் திருப்பி, அடியில் இருந்த குழியை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, “சாயந்தர வண்டி கிளம்பறதுக்குள்ள போகணும். செருப்பைப் போட்டுக்கோ அண்ணா” என்றாள். அவன் வெறுங்காலோடுதான் வந்திருந்தான். அவள் கதவோரம் கிடந்த ஜோடியைக் காலால் அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் அதில் காலை நுழைக்க வெகுநேரம் ஆனது.

போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் தோட்டாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அக்கா சொன்னதை முழுசாகக் கேட்டுக்கொண்டார். போனை எடுத்துக் கம்பெனி வண்டி ஒன்றும் வெளியே போகக் கூடாது, தோட்டாப் பெட்டிகளை யாரும் தொடக் கூடாது என்றார். அந்த மேனேஜரை உடனே வரச் சொன்னார். பிளாஸ்க்கோடு நிழலில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாளை நினைத்துக்கொண்டேன். இன்றைக்குப் பத்திரமாக வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார்.

இன்ஸ்பெக்டர் போனை வைத்துவிட்டு அண்ணனைப் பார்த்தார். “இதைக் கையில வெச்சுக்கிட்டா இவ்வளவு நாள் பழியைச் சுமந்தே? சரி, பெட்டி கெட்டதுன்னு தெரிஞ்சும் வெளிய சொல்லாம விட்டது யாரு? உன் மாப்பிள்ளைதானே?”

“நான் சார்” என்றான் அவன். “எனக்கும்தான் தெரியும். எல்லாம் என் வேலைக்காகத்தான். என் பேரைப் போடுங்க.”

“அவன் பேர் வேண்டாம்.” அந்தப் பெண் முன்னால் வந்து மேஜையைப் பிடித்துக்கொண்டாள். “எங்க வீட்டுக்காரர் சொல்லத்தான் கிளம்பினார் சார். செருப்பைக்கூடப் போட்டுட்டார். நான்தான் கூப்பிட்டு உட்கார வெச்சேன்.” படியில் அவள் சொன்ன கதையில் சாப்பாட்டுத் தட்டுதான் இருந்தது, செருப்பு இல்லை.